லெவே சாமியைப் பற்றி எழுதப் போகும் பிள்ளைகளுக்கு

காளையார்கோவில் இளையோர் நீங்கள் சிலர் சேர்ந்து, சருகணி லூயி லெவே சாமிக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவரப் போவதாகச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவன், பங்கு மலர்களுக்கும் இரங்கல் குறிப்புகளுக்கும் வெகுகாலம் எழுதிக் கொடுத்தவன் என்பதால் "எப்படி எழுதுறது சார்?" என்று என்னிடம் கேட்டீர்கள். கோவில் வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற காரியம் இல்லை இது. அதனால் எழுதித் தருகிறேன்.

பணிவாக வாழ்ந்து மறைந்த ஒருவரை நினைவுகூர்வது கடினம். பேரும் பதவியுமாக வாழ்ந்தவர் போன இடமெல்லாம் கல்வெட்டு இருக்கும், அடிக்கல் இருக்கும், மாலையோடு எடுத்த படம் இருக்கும். பணிவானவர் தாம் செய்ததைச் சொல்லிக்கொள்ளாமலே போய்விடுகிறார். எழுத உட்காருகிறவருக்குக் கையில் கொஞ்சம்தான் கிடைக்கும். அந்த வெற்றிடத்தைப் பார்த்துப் பயந்து, இல்லாததைச் சேர்த்து நிரப்பிவிடுகிறோம். அப்படிச் செய்தால் அவர் வாழ்நாள் முழுக்கக் காத்த பணிவை அவர் செத்த பிறகு நாம் கெடுத்தவர்கள் ஆவோம். நான் கீழே சொல்லும் எல்லாவற்றுக்கும் இந்தக் கவலைதான் காரணம்.

1. முதலில் உறுதியான சில தேதிகளை ஊன்றிக்கொள்ளுங்கள்.

லெவே சாமி பிரான்சு நாட்டில் ரென் நகரப் பகுதியில் 1884 ஏப்ரல் 6 அன்று பிறந்தவர். 1908-இல் இந்தியாவுக்கு வந்தார். சேசு சபைத் துறவி. பழைய ராமநாதபுரம் சீமையின் ஊர்களில் உழைத்து, கடைசிக் காலத்தைச் சருகணியில் கழித்து, 1973 மார்ச் 21 அன்று அங்கேயே கண்மூடினார். இன்னும் பதினாறு நாள் இருந்திருந்தால் 89 வயது நிரம்பியிருக்கும். சருகணியிலேயே அடக்கம். இந்தச் சில வரிகள்தாம் உங்கள் மலருக்கு அஸ்திவாரம். மற்ற ஒவ்வொரு செய்தியும் கைக்கு வரும்போது, இந்தத் தேதிகளோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். 1908-க்கு முன்னால் அவர் இங்கே ஒருவருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக யாராவது சொன்னால், அது வேறொரு வெள்ளைக்காரச் சாமியாராக இருக்கும்.

2. பழைய தாள்களை எந்தப் பேரில் தேடுவது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

உங்களுக்குச் சிவகங்கை மாவட்டம், சிவகங்கை மறைமாவட்டம் என்றே பழக்கம். லெவே சாமி இந்த இரண்டையும் பார்த்ததில்லை. சிவகங்கை தனி மாவட்டமானது 1985-இல். அதற்கு முன் எல்லாம் ராமநாதபுரம் மாவட்டம். சிவகங்கை மறைமாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1987-இல். மதுரையும்கூட 1938-இல்தான் திருச்சி மறைமாவட்டத்திலிருந்து பிரிந்தது. ஆக, அவர் இளஞ்சாமியாராக இருந்த காலத்துக் கடிதங்கள் திருச்சி மறைமாவட்டத்தின் பேரிலும் மதுரை மிஷன் பேரிலும் இருக்கும். "சிவகங்கை" என்று தேடிப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை சார்" என்று திரும்பி வராதீர்கள். சேசு சபையாரின் பழைய ஆவணங்கள் கொடைக்கானல் மலையில் செண்பகனூரில் இருக்கின்றன. முறைப்படி கடிதம் எழுதி, பங்குச் சாமியாரின் சிபாரிசோடு போங்கள்.

ஊரிலேயே கிடைப்பதை விட்டுவிட்டு மலைக்கு ஓட வேண்டாம். ஒவ்வொரு பழைய பங்கிலும் ஞானஸ்நானப் புத்தகம், கல்யாணப் புத்தகம், அடக்கப் புத்தகம் மூன்றும் இருக்கும். சாமியார் அறையில் பீரோவின் அடித்தட்டில், துணி சுற்றி வைத்திருப்பார்கள். பக்கங்களின் ஓரம் பழுப்பேறி, தொட்டால் பொடிப்பொடியாக உதிரும். விரலில் எச்சில் தொட்டுப் புரட்டாதீர்கள். கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு, பக்கத்தின் மேல் மூலையைப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். வரிசையாகப் பேர், தகப்பன் பேர், ஊர், ஞானத்தாய் ஞானத்தகப்பன், கடைசிக் கட்டத்தில் சாமியாரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்துத்தான் உங்களுக்கு வேண்டியது. எந்த நாளில் எந்தப் பட்டியில் அவர் இருந்தார் என்பதை அதைவிட உறுதியாகச் சொல்லும் சாட்சி கிடைக்காது. பெருமைக்காகப் போட்ட கையெழுத்து இல்லையே அது. ஒரு கூலிக்காரன் பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போட்டது.

3. பார்த்தவர் யார், கேட்டவர் யார் என்று பிரித்து எழுதுங்கள்.

இதைத்தான் நான் அதிகம் வற்புறுத்துகிறேன்.

ஒருவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்த விசாரிக்கும்போது திருச்சபை சாட்சிகளை ஒரே மூட்டையாகக் கட்டுவதில்லை. தன் கண்ணால் பார்த்தவர், பார்த்தவர் சொல்லக் கேட்டவர், ஊரில் பேசக் கேட்டவர் என்று பிரித்து வைத்துத்தான் எடை போடுகிறது. இது வழக்காடு மன்றத்து ஒழுங்கு. உங்கள் மலருக்கும் இதே ஒழுங்கு வேண்டும். நோட்டில் ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்தில் "பார்த்தது", "அம்மா சொன்னது", "ஊர்ப்பேச்சு" என்று குறித்துக்கொண்டே வாருங்கள். எழுதும்போது அந்தக் குறிப்பு வாக்கியத்துக்குள்ளேயே தெரிய வேண்டும். "லெவே சாமி இப்படிச் செய்தார்" என்று மொட்டையாக எழுதாமல், "சருகணியில் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்த ஒருவர் சொல்கிறார்" என்று எழுதினால், படிப்பவருக்கு அந்தச் செய்தியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் இறந்தபோது பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இன்று அறுபது தாண்டிவிட்டது. அவரோடு உட்கார்ந்து பேசிய பெரியவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் சொன்னால், அடுத்த வருஷம் அந்தத் திண்ணையில் ஆள் இருக்காது.

4. போய் உட்காருங்கள். கேள்வியைச் சின்னதாகக் கேளுங்கள்.

"லெவே சாமி எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் எல்லாரும் "அவரா, அவர் தெய்வப் பிறவி" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அதில் எழுத ஒன்றும் இல்லை. வாசலில் எந்தப் பக்கம் உட்காருவார், காலையில் யார் பால் கொண்டுபோய்க் கொடுத்தார்கள், தமிழ் எப்படிப் பேசுவார், எந்த எழுத்து அவர் வாயில் வராது, கோபம் வந்தால் என்ன செய்வார், நோயாளி வீட்டுக்குக் கூப்பிட்டால் எந்நேரமானாலும் வருவாரா, எதில் வருவார், நடந்தா, வண்டியிலா? இப்படிக் கேட்டுப் பாருங்கள். முதல் கேள்விக்குப் பதில் வர நேரம் பிடிக்கும். பிறகு நினைவு தானாகத் திறந்துகொள்ளும்.

ஒரு முறை வேறொரு பங்குச் சாமியாரைப் பற்றிக் கேட்க, முன்பு கோவில்பிள்ளையாக இருந்தவரின் வீட்டுக்குப் போனேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி மட்டும் இருந்தார். "எனக்கு என்னய்யா தெரியும், நான் கோவிலுக்குள்ளயே போனதில்ல" என்றார் அந்த அம்மா. புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பாதி முறம் காலியானபோது அவரே சொன்னார்: சாமியாருக்குக் கஞ்சி கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி ஒரு நாளும் கழுவாமல் திரும்பி வந்ததில்லையாம். "எங்க வீட்டு ஆளுககூட கழுவ மாட்டாக" என்றார். அந்த ஒரு வரிக்கு முன்னால் நான் எழுதி வைத்திருந்த "எளிமையின் இலக்கணம்" என்ற தலைப்பு நிற்கவில்லை.

லெவே சாமியைப் பற்றியும் இப்படிப்பட்டவை இருக்கும். சமைத்துப் போட்டவர், துணி வெளுத்தவர், வண்டி ஓட்டியவர், மணியடித்தவர், இவர்களின் பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடுங்கள். பெண்களிடம் தனியாகக் கேளுங்கள். வீட்டு ஆம்பளை பக்கத்தில் இருந்தால் அவரே பதில் சொல்லிவிடுவார். இந்து வீடுகளுக்கும் முஸ்லிம் வீடுகளுக்கும் போங்கள். அந்தச் சீமையில் ஒரு சாமியாரை எல்லாருக்கும் தெரியும். வேதக்காரர் அல்லாதவர்கள் சொல்வதில் பக்திப் பேச்சு குறைவாகவும் சேதி அதிகமாகவும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

5. தண்ணீரைப் பற்றி விசாரியுங்கள்.

லெவே சாமியைப் பற்றிப் பேசினால் குளம், ஊருணி வெட்டிய பேச்சு வரும். அதைப் பக்திக் கதையாக ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகாதீர்கள். இந்தப் பூமி எப்படிப்பட்டது என்று தெரிந்தால்தான் அந்த வேலையின் அருமை புரியும்.

நம் பக்கம் வானம் பார்த்த பூமி. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழைதான் வருஷத்துக்கே கணக்கு. அந்தத் தண்ணீரைக் கண்மாயில் பிடித்து வைத்தால் வயல். ஊருணியில் பிடித்து வைத்தால் குடி. ஊருணியில் யாரும் குளிக்கக் கூடாது, மாடு இறக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதனால் வந்தது. மழையோடு வருகிற வண்டல் வருஷா வருஷம் படிந்து மேடாகும். தூர் வாராவிட்டால் கொள்ளளவு சுருங்கி, தை மாசத்திலேயே தரை தெரியும். தூர் வாரக்கூடிய காலம் சித்திரை, வைகாசி. கூலிக்காரன் வீட்டில் அடுப்பு எரியாத காலமும் அதுதான், வயலில் வேலை இருக்காது. ஆக, கோடையில் ஒருவர் பணம் திரட்டி ஊருணி வெட்ட ஆள் கூப்பிட்டால் இரண்டு காரியம் நடக்கும்: அன்றைக்குக் கூலி, மழைக்குப் பிறகு தண்ணீர். சும்மா கொடுத்தால் கையேந்த வேண்டியிருக்கும். மண் சுமந்து கூலி வாங்கினால் தலை நிமிர்ந்து வாங்கலாம். ஏழையின் மானத்தைக் காத்துக்கொண்டே அவன் பசியையும் ஆற்றுகிற வழி இது. நூறு நாள் வேலைத்திட்டம் வருவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன் நடந்த பேச்சு என்பதை மறக்காதீர்கள்.

எனவே நேரில் போய்ப் பாருங்கள். எந்த ஊரில் எந்த ஊருணி, யார் நிலம், எவ்வளவு ஆழம், கூலி நெல்லாகவா காசாகவா, பணம் எங்கிருந்து வந்தது, மண்ணை எங்கே கொட்டினார்கள், இப்போது அதில் தண்ணீர் நிற்கிறதா, சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறதா. கரையில் நின்று ஒரு படம் எடுங்கள். மலரின் அட்டையில் போட வேண்டிய படம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

6. ஜெபத்தைப் பற்றி அளந்து எழுதுங்கள்.

அவர் நற்கருணைப் பேழைக்கு முன் முழந்தாளிட்டு நெடுநேரம் ஜெபித்தவர் என்று பேர். ஜெபம் வெளியே தெரியாத காரியம். முழங்கால் தெரியும், முதுகு தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. அதனால் பார்த்தவர்கள் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்: எந்த நேரம், எந்த இடம், எத்தனை நேரம், பக்கத்தில் யார். "தெய்வீகப் பரவசத்தில் ஆழ்ந்திருந்தார்" என்று எழுதுவதற்கு நமக்கு அதிகாரம் இல்லை.

ஒரு காலக் குறிப்பையும் மனத்தில் வையுங்கள். அவருடைய குருத்துவ வாழ்க்கையில் பெரும்பகுதி பூசை லத்தீனில், ஜனங்களுக்கு முதுகு காட்டி நடந்த காலம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1962 முதல் 1965 வரை கூடிய பிறகுதான் தமிழ்ப் பூசை வந்தது. அப்போது அவருக்கு வயது எண்பதைத் தாண்டியிருந்தது. அந்த வயதில் அந்த மாற்றத்தை எப்படி எடுத்துக்கொண்டார் என்று அப்போது பூசை உதவி செய்த பையன்களிடம் கேளுங்கள். அவர்கள் இப்போது தாத்தாக்கள்.

7. புதுமைகள் விஷயத்தில் நிதானம் வேண்டும்.

மலருக்குச் செய்தி கேட்டுப் போனால் "சாமியிடம் வேண்டிக்கொண்டேன், குணமானது" என்பவர்கள் வருவார்கள். அவர்களை மதியுங்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். தேதி, ஆஸ்பத்திரிச் சீட்டு, டாக்டர் சொன்னது இவை இருந்தால் படியெடுத்து மறைமாவட்டத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். வைத்தியத்தால் விளக்க முடியாதது என்று மருத்துவர்கள் முதலில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் இறையியலாளர்கள் வாய் திறப்பார்கள். அவ்வளவு சல்லடை போட்டுச் சலிக்கிற காரியத்தை நாம் ஒரு பத்தியில் முடித்துவிடக் கூடாது.

படிகளையும் தெரிந்துகொள்ளுங்கள்: இறை ஊழியர், வணக்கத்துக்குரியவர், அருளாளர், புனிதர். இறந்து ஐந்து வருஷமாவது ஆகாமல் விசாரணை தொடங்குவதில்லை. துக்கத்தின் சூடு ஆறட்டும், பிறகும் ஜனங்கள் நினைக்கிறார்களா பார்ப்போம் என்பது அதன் பொருள். வணக்கத்துக்குரியவர் என்ற நிலைக்கு வாழ்க்கையே சான்று. அருளாளராக ஒரு புதுமையும், புனிதராக இன்னொன்றும் வேண்டும். மறைசாட்சியாக உயிர் விட்டவர்கள் என்றால் முதல் புதுமை தேவையில்லை. லெவே சாமிக்கான முயற்சியைச் சிவகங்கை மறைமாவட்டம் தொடங்கியது அவர் இறந்து நாற்பது ஆண்டு கழித்துத்தான். இறை ஊழியர் என்ற பேர் அப்போது வந்தது. ஆகவே ரோமாபுரி அறிவிக்காத பட்டத்தை நீங்கள் மலரில் சூட்டாதீர்கள். தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரையாதீர்கள். பீடத்தில் அவர் படத்தை வைக்காதீர்கள். அறிவிப்புக்கு முன் பொதுவழிபாடு நடந்ததா என்று விசாரணையில் தனியாகவே பார்ப்பார்கள். திருத்தந்தை எட்டாம் உர்பான் 17ஆம் நூற்றாண்டில் போட்ட சட்டம் அது. நம் ஆர்வமே அவருக்குத் தடையாகிவிடக் கூடாது. தனியாக வேண்டிக்கொள்ள எந்தத் தடையும் இல்லை.

தாமதம் ஆகிறதே என்று வருந்துகிறவர்களுக்கு ஓரியூரைக் காட்டுங்கள். அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே வெட்டுண்டார். அருளாளர் ஆனது 1853-இல், புனிதர் ஆனது 1947-இல். தேவசகாயம் 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டார். புனிதர் ஆனது 2022 மே 15-இல். ஜனங்கள் இத்தனை தலைமுறை மறக்காமல் வைத்திருந்தார்கள்.

8. சாதியை மறைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம்.

தேவசகாயத்தின் பேரோடு இருந்த சாதிப் பட்டத்தைப் புனிதர் பட்டத்துக்கு முன் வத்திக்கான் நீக்கியது. அப்படி நீக்கச் சொல்லி இங்கிருந்து குரல் எழுப்பியவர்களுக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். நம் திருச்சபைக்குள்ளும் தெரு தெருவாகப் பிரிந்த கோவில் இருக்கை, பிரிந்த கல்லறைத் தோட்டம் என்று வெட்கப்பட வேண்டியவை இருந்தன. சில இடங்களில் இன்றும் இருக்கின்றன. ஆகவே லெவே சாமியைப் பற்றிச் செய்தி சேகரிக்கும்போது ஊரின் நடுத்தெருவோடு நின்றுவிடாதீர்கள். கடைசித் தெருவுக்குப் போங்கள். அங்கே அவரைப் பற்றி என்ன நினைவு இருக்கிறது என்பதை அவர்கள் வாய்ச்சொல்லிலேயே எழுதுங்கள். மலரில் எல்லாத் தெருப் பேரும் வர வேண்டும். நன்கொடை கொடுத்த தெருவின் நினைவுகள் மட்டும் வந்தால் அது லெவே சாமியின் மலர் ஆகாது.

9. குறை சொல்கிறவர்களையும் கேளுங்கள்.

புனிதர் பட்ட விசாரணையில் எதிராகச் சொல்ல இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேட்பது கட்டாயம். சாதகமானதை மட்டும் திரட்டினால் வழக்கே செல்லாது. "அவர் ரொம்பக் கண்டிப்பு", "எங்கப்பாவைக் கோவிலில் வைத்துத் திட்டிவிட்டார்" என்று ஒருவர் சொன்னால், எழுதிக்கொள்ளுங்கள். அதனால் அவர் சிறுத்துவிட மாட்டார், படிப்பவருக்கு ஆளாகத் தெரிவார். அதேபோல, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வந்த வெள்ளைக்காரச் சாமியார் என்ற கேள்வியும் வரும். கோபப்படாதீர்கள். 1908-இல் வந்தவர் 1947-ஐயும் தாண்டி, 1973 வரை இருந்து, இந்த மண்ணுக்குள்ளேயே போனார் என்ற செய்தியை அப்படியே வையுங்கள். படிப்பவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

10. நம் ஊர்க் கடனையும் எழுதுங்கள்.

காளையார்கோவில் பிள்ளைகள் நீங்கள். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் 1772-இல் போரில் விழுந்த ஊர் இது. மருது சகோதரர்களை 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிட்ட பிறகு அவர்கள் அடங்கிய ஊர் இது. அந்த மருதுபாண்டியர்தாம் சருகணிக் கோவிலுக்கு மானியம் விட்டவர்கள். சின்ன சவேரியார் என்று ஜனங்கள் அழைத்த ரோசி சாமியார் 18ஆம் நூற்றாண்டில் உழைத்த பங்கு அது. நம் ஊர்க் காளீசுவரர் கோவிலுக்குக் கோபுரம் எழுப்பிய கையே மாதா பிள்ளைகளின் கோவிலுக்கும் கொடுத்தது. லெவே சாமி வந்து சேர்ந்த சருகணி இப்படி ஏற்கெனவே பலர் தாங்கி நின்ற இடம். இதை ஒரு பக்கத்திலாவது சொல்லாமல் மலரை அச்சுக்கு அனுப்பாதீர்கள்.

11. இந்தச் சொற்களைக் கையில் எடுக்காதீர்கள்.

"ஈடுசெய்ய இயலாத இழப்பு", "எளிமையின் சிகரம்", "கலங்கரை விளக்கம்", "மனித உருவில் வந்த தெய்வம்", "நிறைகுடம்". இவற்றை எந்தச் சாமியாருக்கும், எந்தச் சட்டமன்ற உறுப்பினருக்கும், எந்த மிராசுதாருக்கும் போடலாம். அதனால்தான் வேண்டாம் என்கிறேன். ஒருவருக்கு மட்டும் பொருந்துவதை எழுதுங்கள்.

12. அச்சு விஷயம், சுருக்கமாக.

வாழ்த்துச் செய்திகள் முதல் பத்துப் பக்கத்தைத் தின்னக் கூடாது, கடைசியில் போடுங்கள். விளம்பரம் கொடுத்தவர் படம் லெவே சாமியின் படத்தைவிடப் பெரிதாக வரக் கூடாது. பழைய படங்களுக்குக் கீழே யார், எங்கே, ஏறக்குறைய எந்த வருஷம் என்று எழுதுங்கள். படம் கொடுத்தவருக்கு மூலப்படத்தை மறக்காமல் திருப்பிக் கொடுங்கள். ஒருவர் பேரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால் போடாதீர்கள். நீங்கள் சேகரித்த கைநோட்டுகளைப் படியெடுத்து, ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மலர் பழைய பேப்பர்க் கடைக்குப் போனாலும் நோட்டு நிற்கும்.

13. நினைவு நாளில் என்ன செய்வது என்றும் கேட்டீர்கள்.

மார்ச் 21 அன்று சருகணியில் பூசை உண்டு. முதல் நாளே போய், கல்லறையைச் சுற்றிக் கூட்டுங்கள். பூசைக்குப் பிறகு மேடையில் பேசக் கூப்பிட்டால், ஊருணி வெட்டியவர்களின் பிள்ளைகளைப் பேச விடுங்கள். மைக்கைப் பிடித்துப் பழகியவர்கள் ஒரு வருஷம் கீழே உட்காரட்டும்.

அத்தோடு வீடு திரும்ப வேண்டாம். அடுத்து வருவது சித்திரை. நம் பக்கத்தில் தூர்ந்து கிடக்கிற ஊருணி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பஞ்சாயத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, கருவேலத்தை வெட்டித் தூர் வாருங்கள். மலருக்கு விளம்பரம் கேட்டுப் போகிற கடைகளிலேயே இதற்கும் கேளுங்கள். கூலிக்கு வருகிறவர்களுக்கு அன்றன்றைக்கே பணம் கொடுங்கள். மலருக்கு வைத்திருக்கிற காசில் குறைந்தால் வண்ணத் தாளைக் கைவிடுங்கள், ஊருணியைக் கைவிடாதீர்கள்.

இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் வேலையைத் தொடங்குங்கள். பங்கில் எழுபது தாண்டியவர்கள் யார் யார், எந்தத் தெரு, காது கேட்குமா, எந்நேரம் பேசத் தோதாக இருக்கும் என்று ஒரு பட்டியல் போடுங்கள். வயதில் மூத்தவர் பேரை முதலில் எழுதி, அந்த வீட்டுக்கு அன்று சாயங்காலமே போய்விடுங்கள்.